வான்மதி சொன்ன பிரெஞ்சுப் படம்

சோபாவில் உங்கள் பக்கத்தில் உங்கள் அம்மா உட்கார்ந்திருக்கிறார். டிவியில் ஒரு பிரெஞ்சுப் படம். இரண்டு பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ பேசுகிறார்கள், ஒருத்திக்குக் கண் கலங்குகிறது. "அந்தப் புள்ள என்ன சொல்லுது?" என்று அம்மா கேட்கிறார். அவர்கள் காதலர்கள் என்பது கீழே ஓடும் ஆங்கில எழுத்தால் உங்களுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

"அக்கா தங்கச்சிம்மா" என்று சொல்லிவிட்டு ரிமோட்டைத் தேடுகிறவர்கள்தான் நம்மில் அதிகம். பட்டம் பெற்றவர்கள், கட்சி மாநாட்டுக்குப் போனவர்கள், அலமாரி நிறையப் புத்தகம் அடுக்கியவர்கள் எல்லாம் இதில் சேர்த்தி. சான்டா கிளாராவில் வான்மதி என்ற பெண் அந்தக் கேள்விக்கு உள்ளதை உள்ளபடி பதில் சொன்னாள். அதுவும் சொந்த அம்மாவிடம் தனியாக அல்ல. ஓர் அறை நிறைய அம்மாக்களும் அப்பாக்களும் உட்கார்ந்திருக்க, மைக்கில் சொன்னாள்.

வான்மதி கோபிசெட்டிபாளையத்துக்காரி. தாவரவியலில் எம்.எஸ்சி. முடித்து, ஊரில் மேல்நிலைப் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள். தொண்ணூற்று நான்கில் நெடுஞ்செழியனைக் கல்யாணம் செய்துகொண்டு கலிபோர்னியாவுக்கு வந்தாள். விமானத்தை விட்டு இறங்கியபோதே அவள் ஆசிரியை இல்லை என்றாகிவிட்டது. கணவனின் வேலை விசாவில் ஒட்டிக்கொண்டு வரும் மனைவிக்கு இந்த நாடு எச்-4 என்று ஒரு முத்திரை குத்துகிறது. அவள் சமைக்கலாம், துவைக்கலாம், பிள்ளை பெறலாம். சம்பளம் மட்டும் வாங்கக் கூடாது. படித்த பெண்களைக் கூட்டம் கூட்டமாக அடுப்படியில் உட்கார வைக்கும் இந்தச் சட்டத்தை அநியாயம் என்று நம் ஆண்கள் பேசி யாராவது கேட்டதுண்டா? கிரீன் கார்டு தாமதமானால் மட்டும் அவர்களுக்கு மனித உரிமை ஞாபகம் வரும்.

முதல் வருடம் அவள் டிவியோடு பேசாத குறை. காது கேளாதவர்களுக்காகத் திரையின் அடியில் ஓடும் எழுத்தைப் படித்துப் படித்தே இந்த ஊர் ஆங்கிலத்தைப் பிடித்தாள். மாலையில் அபார்ட்மென்ட்டைச் சுற்றி நடக்கும்போதுதான், தன்னைப் போலவே அடைபட்டுக் கிடக்கும் இன்னொரு கூட்டத்தைப் பார்த்தாள். ஆறு மாத விசாவில் மகன் வீட்டுக்கும் மகள் வீட்டுக்கும் வந்திருக்கும் பெற்றோர்கள். சேலைக்கு மேல் ஸ்வெட்டர், காலில் மருமகள் வாங்கிக் கொடுத்த ஸ்போர்ட்ஸ் ஷூ. பிள்ளைகள் ஆபீசுக்கும் பேரக்குழந்தை டேகேருக்கும் போய்விட்டால், ஃப்ரிட்ஜ் உறுமுவதைத் தவிர அவர்களுக்கு வேறு பேச்சுத்துணை கிடையாது.

அவர்களில் ஒருவர் கிட்டுசாமி, தாராபுரம் பக்கத்தில் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்று, வருடாவருடம் பிள்ளை வீட்டுக்கு வந்து போகிறவர். ஒருநாள் அவர் அவளிடம் கேட்டார்: "அம்மிணி, டிவியில நாளெல்லாம் படமா ஓடுது. ஒருத்தன் சிரிக்கறான், ஒருத்தி அழுகறா, எதுக்குன்னே தெரியாம நானும் கூடவே சிரிச்சு அழுதுட்டு இருக்கறேன். கொஞ்சம் சொல்லிக் குடுத்தா ஆகாதுங்களா?"

அப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் வான்மதியின் வீட்டு ஹாலில், கூட்டம் சேர்ந்த பிறகு தமிழ்ச் சங்கம் வாடகைக்கு எடுத்த சமூகக் கூடத்தில். புதன்கிழமை காலை பதினோரு மணிக்குப் படம். படம் முடிந்ததும் அலுமினியத் தட்டுகளில் எலுமிச்சைச் சாதமும் தயிர்ச் சாதமும். வான்மதி செவ்வாய்க்கிழமை கேசட்டை வீட்டில் போட்டுப் பார்த்து வைத்துக்கொள்வாள். புதன்கிழமை திரைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மைக்கைப் பிடித்து, ஓடுகிற படத்தோடு ஓடிக்கொண்டே தமிழில் சொல்வாள். எழுதி வைத்துப் படிக்கும் வழக்கம் இல்லை. வில்லனுக்கு ஒரு குரல், குழந்தைக்கு ஒரு குரல். மாமியார் பாத்திரம் வந்தால் அவள் குரலைக் கேட்டே முன்வரிசை சிரிக்கும். அந்த இரண்டு மணி நேரத்தில் அவள் யாருடைய விசாவிலும் ஒட்டிக்கொண்டிருப்பவள் அல்ல.

ஒரு நிபந்தனை மட்டும் இருந்தது. சங்கத்தின் கலாச்சாரச் செயலாளர் வெங்கடாசலம் போட்ட நிபந்தனை. "அட்ஜஸ்ட் பண்ணிச் சொல்லுங்க வான்மதி. பெரியவங்க பாக்கறாங்க." கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழும் ஜோடியை அவள் புதுமணத் தம்பதி ஆக்கினாள். விவாகரத்து ஆனவளை விதவை ஆக்கினாள். ஒயினைத் திராட்சை ஜூஸ் ஆக்கினாள். பெரியவர்களுக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும். "ஏனுங்க அம்மிணி, அந்தப் புள்ள திராட்சை ஜூஸுக்கா இப்படித் தள்ளாடுது? ரொம்ப நாள் ஜூஸோ?" என்று கிட்டுசாமி கேட்பார். அறையே சிரிக்கும், அவளும் சிரிப்பாள். வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போது மட்டும் அந்தச் சிரிப்பு அவளுக்குக் கசக்கும்.

தொண்ணூற்று எட்டாம் ஆண்டு இலையுதிர் காலத்தில், ஓர் ஆங்கிலப் படத்தில் நாயகன் நாயகியை முத்தமிட்டான். படத்தை நிறுத்தும் பொத்தானை வான்மதி அழுத்துவதற்குள் முத்தம் முடிந்துவிட்டது. யாரோ ஒரு மகன் வெங்கடாசலத்துக்குப் போன் போட்டுக் கத்தினான். அன்று முதல் படத்தைத் தானே தேர்ந்தெடுப்பதாக வெங்கடாசலம் அறிவித்தார். நூலகத்துக்குப் போனார், அலமாரி அலமாரியாகத் தேடினார். வான்மதியின் கையில் கேசட்டைக் கொடுத்தபோது முகத்தில் வெற்றிக் களை.

"பிரெஞ்சுப் படம். ஹிஸ்டாரிக்கல். அட்டையப் பாருங்க, லேடீஸ் ரெண்டு பேரு, தறி பக்கத்துல உக்காந்திருக்காங்க. கழுத்துலேர்ந்து கால் வரைக்கும் கவுன். ஹீரோவே கிடையாது. இத விட க்ளீனா ஒரு படத்த உலகத்துல எவனும் எடுக்க முடியாது."

ஆண் இல்லாத இடத்தில் ஆசையும் இருக்காது என்பது நம் கலாச்சாரக் காவலர்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. நூறு படங்களைத் தள்ளிவிட்டு வெங்கடாசலம் தேர்ந்தெடுத்தது, இரண்டு பெண்களின் காதலைப் பற்றிய படம்.

செவ்வாய்க்கிழமை வான்மதி அதைப் பார்த்தாள். நூற்றைம்பது, நூற்றறுபது ஆண்டுகளுக்கு முந்தைய பிரான்ஸ். பட்டு நெசவு ஊர் ஒன்று. ஆலை முதலாளியின் மகளுக்குப் பாரிஸ் வியாபாரி ஒருவனோடு கல்யாணம் நிச்சயமாகிறது. மணப்பெண்ணின் பட்டை நெய்ய, ஊரிலேயே கை தேர்ந்த நெசவுக்காரி ஒருத்தியை முதலாளி அமர்த்துகிறார். அளவு சொல்ல வந்த மகள், நெசவு பார்க்க உட்காருகிறாள். பிறகு நெசவுக்காரியைப் பார்க்கவே வருகிறாள். துணி வளர வளரக் கல்யாண நாள் நெருங்குகிறது என்பதால் நெசவுக்காரி பகலில் நெய்ததைப் பிரித்துப் பிரித்து நெய்கிறாள். ஒரு கட்டத்தில் பிரிப்பதற்கும் நாள் மிஞ்சவில்லை. அப்போது முதலாளி மகள் தறியின் குறுக்கே கை நீட்டி ஒரு வார்த்தை சொல்கிறாள். வான்மதி அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். ஆங்கில எழுத்தைத் தமிழில் சொல்லிப் பார்த்தாள். சொல்ல முடிந்தது. அழகாகவே சொல்ல முடிந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

மாலையில் நெடுஞ்செழியனிடம் சொன்னாள். அவன் ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

"இதுல என்ன ப்ராப்ளம்? தோழிங்கன்னு சொல்லிடு. அவங்கள்ல யாருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும்? உன் வாய்தான அவங்களுக்குப் படம்."

"அதனாலதான் கஷ்டமா இருக்கு."

"வெங்கடாசலத்துக்குப் போன் போட்டு வேற படம் கேளு."

"அவர் இத நிறுத்திட்டு, கல்யாணம் காட்சின்னு ஒரு மொக்கைப் படத்தக் குடுப்பாரு. நான் மறுபடியும் ஒயின ஜூஸாக்கிட்டு உக்காந்திருக்கணும்." அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "ஏங்க, காலேஜ்ல பெண்ணுரிமை பத்திப் பேசிக் கப்பு வாங்கினவர்தான நீங்க?"

"அது பேச்சுப் போட்டி, மதி."

சொன்ன பிறகு அவனுக்கே கொஞ்சம் உறைத்திருக்க வேண்டும். குரலைத் தணித்துக்கொண்டான். "உண்மையச் சொன்னா ஹால் போயிடும். ஹால் போனா உனக்குன்னு என்ன இருக்கு இங்க? யோசிச்சுப் பாரு."

யோசித்தாள். அவன் சொன்னது சரிதான். அந்தக் கூடமும் மைக்கும் போனால் அவள் மறுபடி ஃப்ரிட்ஜின் உறுமலுக்குத்தான் திரும்ப வேண்டும்.

இன்னொன்றும் அவள் மனதில் உறுத்திக்கொண்டிருந்தது. புதன்கிழமைக் கூட்டத்தில் சாந்தாமணி என்று ஓர் அம்மா உண்டு, பொள்ளாச்சிக்காரர். பக்கத்து நகரமான சன்னிவேலில் இருக்கும் மகள் பூங்கொடியிடம் வந்திருந்தார். பூங்கொடி கம்ப்யூட்டர் என்ஜினியர், கேரன் என்ற வெள்ளைக்காரப் பெண்ணோடு ஒரே வீட்டில் இருந்தாள். போன வாரம் சாப்பாட்டுத் தட்டை அடுக்கும்போது சாந்தாமணி, ஒரே வட்டாரத்துப் பெண் என்ற உரிமையில் வான்மதியிடம் மெல்லச் சொன்னார்.

"எனக்கு ஒரு ரூமு குடுத்திருக்கறாங்க அம்மிணி. அவங்க ரெண்டு பேருக்கும் ஒரு ரூமு. ஹாலு அத்தாச்சோடு பெருசாக் கெடக்குது, சோபா கெடக்குது, அந்தப் புள்ள அங்க படுக்கக் கூடாதா? நான் ஒண்ணும் கேக்கலை. இந்த ஊரு வந்துதான் இப்படியாயிப் போச்சு. மாப்பிள்ளை பாத்து வெச்சிருக்குது. நான் போறப்ப அவளையும் கூட்டிட்டுப் போயிருவேன். நம்ம ஊரு காத்துப் பட்டாச் சரியாயிரும்."

வான்மதி தயிர்ச் சாதத்தைப் பரிமாறப் போய்விட்டாள்.

புதன்கிழமை படம் ஆரம்பித்தது. திரையில் தறியைப் பார்த்ததும் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"நம்ம சென்னிமலைத் தறியாட்டவே இருக்குதுங்க" என்றார் ஓர் அம்மா.

"தறி இருக்கட்டும். இந்தக் கவுனக் கட்டிக்கிட்டு எப்படிப் படியேறிப் பஸ்ஸுக்குள்ள வருவாங்க?" இது கிட்டுசாமி.

"அப்பப் பஸ்ஸே கிடையாதுங்க அங்கிள்."

"அப்ப அந்த ஊருல நமக்குப் பொழப்பில்ல. மேல சொல்லுங்க."

முதல் ஒரு மணி நேரம் வான்மதி அவர்களைத் தோழிகள் என்றே சொல்லிக்கொண்டு போனாள். நாக்கு பழகிய பாதையில் தானாகப் போனது. நெசவுக்காரி துணியைப் பிரிக்கும்போது, "வேலை நல்லா வரணும்னு பிரிக்கிறா" என்றாள். "நல்லாத்தான இருந்துச்சு?" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். நெசவு தெரிந்த ஊர்க்காரர்களிடம் அந்தப் பொய் நிற்கவில்லை.

பிறகு அந்த இடம் வந்தது. முதலாளி மகள் தறியின் குறுக்கே கை நீட்டினாள். உதடுகள் அசைந்தன. வான்மதி மைக்கை வாயருகே வைத்தபடி பேசாமல் இருந்தாள். அறையில் பிரெஞ்சு மட்டும் கேட்டது.

"என்னங்க அம்மிணி, மைக்கு அவிஞ்சு போச்சா?" என்றார் கிட்டுசாமி.

இரண்டாம் வரிசையில் இருந்து சாந்தாமணி கேட்டார். "அந்தப் புள்ள என்ன சொல்லுது?"

வான்மதி படத்தை நிறுத்தினாள். முத்தம் வந்தால் நிறுத்துவதற்காக வெங்கடாசலம் அவளிடம் கொடுத்து வைத்திருந்த பொத்தானை, முதல்முறையாகப் பேசுவதற்காக அழுத்தினாள்.

"இவ்வளவு நேரம் நான் சொன்னது தப்புங்க. இவங்க தோழிங்க இல்ல. ஒருத்தர ஒருத்தர் விரும்பறாங்க. புருஷன் பொண்டாட்டி மாதிரி சேந்து வாழணும்னு ஆசப்படறாங்க. துணி முடிஞ்சாக் கல்யாணம் நடந்துரும்னுதான் நெசவுக்காரி பிரிச்சுப் பிரிச்சு நெய்தா. இப்ப முதலாளி பொண்ணு சொல்லுது: 'உன் கை பட்ட துணிய உடம்புல சுத்திக்கிட்டு, இன்னொருத்தன் பக்கத்துல நான் எப்படி நிப்பேன்?'"

பொத்தானை மறுபடி அழுத்தினாள். திரையில் இருவரும் முத்தமிட்டுக்கொண்டார்கள்.

"கருமம்" என்றார் ஒருவர். ஒரு கணவனும் மனைவியும் எழுந்து நடைபாதைப் பக்கம் போனார்கள். பின்னால் சாதத் தட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்த வெங்கடாசலம், கையில் கரண்டியோடு ஓடிவந்து ப்ளேயரை அணைத்தார். திரை நீலமானது.

"வாட் இஸ் திஸ், வான்மதி? இது ஃபேமிலி ஆடியன்ஸ்."

"படத்துல இருக்கறதத்தான் சார் சொன்னேன்."

"இருக்கறத எல்லாம் சொல்லணுமா? இவ்ளோ நாளா அட்ஜஸ்ட் பண்ணத் தெரிஞ்சுதே உங்களுக்கு?"

"தெரிஞ்சுது சார். இனிமே பண்ண மாட்டேன்." கூடவே, "படத்த செலக்ட் பண்ணது நீங்கதான்" என்றாள்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வெங்கடாசலம் கூட்டத்தின் பக்கம் திரும்பி, பெரியவர்களுக்கு அதிர்ச்சியாக இருக்கும், மன்னிக்க வேண்டும் என்று ஆரம்பித்தார். கிட்டுசாமி கை காட்டி மறித்தார்.

"தம்பி, நான் காலம் பூரா பஸ்ஸுல டிக்கெட் கிழிச்சவன். கடைசி சீட்டு வரைக்கும் பாத்தவன். எனக்கு எதுக்கு அதிர்ச்சி? கரண்டிய வெச்சுப்போட்டுப் படத்தப் போடுங்க."

சாந்தாமணி எழுந்து நின்றார். வான்மதி அவர் பக்கம் திரும்பினாள். தான் சொன்ன வார்த்தை போய்ப் பட்ட இடம் அதுதான் என்று அவளுக்குத் தெரியும்.

"இது எப்ப நடந்த கதைங்க?"

"நூத்தம்பது வருஷத்துக்கு மேல இருக்குங்க, ஆன்ட்டி. இது கதைதான். ஆனா அந்தக் காலத்துலயும் அப்படி இருந்திருக்காங்க."

"அப்பவேவா?"

"அப்பவும் இருந்தாங்க. அதுக்கு முன்னாடியும் இருந்திருப்பாங்க. எல்லா ஊருலயும்."

"இது அமெரிக்கா இல்லியே?"

"இல்லீங்க. பிரான்ஸு."

சாந்தாமணி உட்கார்ந்தார். "மீதியையும் சொல்லுங்க அம்மிணி. ஒண்ணும் முழுங்காமச் சொல்லுங்க."

வயதான ஓர் அம்மா கேட்கும்போது மறுக்க வெங்கடாசலத்தால் முடியவில்லை. பெரியவர்களுக்காகத்தான் எல்லாம் என்று அவர்தானே சொல்லிக்கொண்டிருந்தார்? படம் ஓடியது. வான்மதி ஒரு வார்த்தையையும் மாற்றவில்லை. ஒயின் ஒயினாகவே வந்தது. கடைசியில் முதலாளி மகள், மடித்த பட்டை அப்பாவின் மேஜையில் வைத்துவிட்டுச் சாதாரணப் பருத்தி உடையில் ஊரை விட்டு நடக்கிறாள். நெசவுக்காரி ஜன்னலில் நின்று பார்க்கிறாள். படம் அங்கேயே முடிந்துவிட்டது.

"சேந்தாங்களா, இல்லீங்களா?" என்றார் கிட்டுசாமி.

"படம் சொல்லலீங்க அங்கிள்."

"அட, நீங்க சேத்து வெச்சுருங்க. எத்தனையோ மாத்துனீங்க, இத ஒண்ண நல்லபடியா மாத்துனா என்ன?"

"மாட்டேனுங்க" என்றாள் வான்மதி. அவளுக்கும் அவர்களைச் சேர்த்து வைக்கத்தான் ஆசை. ஆனால் மனிதர்கள் தாங்க மாட்டார்கள் என்று பொய் சொல்வது எவ்வளவு மட்டமோ, அவர்களை மகிழ்விக்கப் பொய் சொல்வதும் அவ்வளவே மட்டம் என்று அவளுக்கு அப்போது பட்டது. பெரிய தத்துவ நூல்களைப் புரட்டியவர்கள் பலர் தங்கள் வீட்டு ஹாலில் வந்து சேராத இடம் அது.

நெடுஞ்செழியன் சொன்னது நடந்தது. 'கொஞ்ச நாள் கேப் விடலாம்' என்று வெங்கடாசலத்தின் குரல் வீட்டு ஆன்சரிங் மெஷினில் பதிவாகியிருந்தது. கூடம் போனது, மைக் போனது. "நான் சொன்னேனா இல்லியா?" என்றான் நெடுஞ்செழியன். அவள் சாப்பாடு போட்டாள். அவனும் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சாந்தாமணி ஊருக்குப் போகும் முன் போன் செய்தார். தனியாகத்தான் போவதாகச் சொன்னார்.

"மாப்பிள்ளை வீட்டுக்கு வேண்டாம்னு சொல்லிப்போட்டேன் அம்மிணி. எனக்குப் புடிச்சுப் போச்சுன்னு நெனச்சுக்காதீங்க. புடிக்கலை. ராத்திரியெல்லாம் தூக்கம் புடிக்காமத்தான் கெடக்கறேன். ஆனா இந்த ஊரு மேல பழியப் போட்டுட்டு நிம்மதியா இருந்தேன், இனி அப்படிப் போட முடியாது. அவளுக்கு இருக்கறது அவளுக்கு இருக்கறது. கேரனுக்கு ரசம் வெக்கச் சொல்லிக் குடுத்திருக்கறேன். புளிய அதிகமாப் போட்டுர்றா."

வான்மதி மாதக்கணக்கில் கலங்கி உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். பத்து நாளில் ஊர்ப் பொது நூலகத்துக்குப் போய், இலவச நிகழ்ச்சிகளுக்குத் தரும் அறையைக் கேட்டாள். என்ன நிகழ்ச்சி என்று நூலகர் கேட்டார். "படம் பார்ப்போம், நான் தமிழில் சொல்வேன்" என்றாள். எந்தப் படம் கூடாது என்று அவரிடமும் நிபந்தனை இருக்குமோ என்று காத்திருந்தாள். "நாற்காலிகளை மட்டும் மறுபடி அடுக்கிவிட்டுப் போங்கள்" என்றார் அவர். முதல் வாரம், பெரிய டிவியைக் காரில் ஏற்றி வந்து மாடிக்குத் தூக்கிக் கொடுத்தவன் நெடுஞ்செழியன். ஆபீசுக்கு அன்று தாமதமாகத்தான் போனான். பேச்சுப் போட்டிக் கோப்பையைவிட அது கனமாக இருந்திருக்கும்.

இது இரண்டாயிரத்து ஒன்று. வான்மதிக்கு இன்னும் வேலை செய்ய அனுமதி வரவில்லை. புதன்கிழமைப் படம் நிற்கவும் இல்லை. ஜப்பானியப் படம், ஈரானியப் படம், வங்காளப் படம் எல்லாம் தமிழ் பேசிவிட்டன. ஆனால் முன்பு நிரம்பி வழிந்த கூட்டம் இப்போது ஒரு மேஜையைச் சுற்றி உட்காரும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. பெரியவர்களுக்கு விருப்பம் இல்லாமல் அல்ல. அவர்களுக்குக் கார் ஓட்டத் தெரியாது, கார்கள் பாயும் எல் கேமினோ சாலையை நடந்து கடக்கும் தைரியம் கிடையாது. "அந்தப் படம் போடற எடத்துக்கா? வேண்டாம்மா, வீட்டுல சன் டிவி கேசட்டப் பாருங்க" என்று மகன்கள் சொல்லிவிடுகிறார்கள். இந்த ஆண்டு கம்பெனிகள் சரிந்ததில் வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருக்கும் மகன்கள்கூட அப்படித்தான். இந்த ஆண்டு மறுபடி வந்திருக்கும் கிட்டுசாமி மட்டும் இரண்டு பஸ் மாறி வந்துவிடுகிறார். கண்டக்டரே இல்லாத இந்த ஊர் பஸ்ஸில் டிரைவர் டிக்கெட் கொடுக்கும் விதத்தைப் பற்றி அவருக்குப் பல புகார்கள் உண்டு.

வாழ்நாள் முழுக்க வெயிலிலும் வயலிலும் ஆலையிலும் பஸ்ஸிலும் உலகத்தைப் பார்த்தவர்கள் அவர்கள். எதைத் தாங்குவார்கள், எதைத் தாங்க மாட்டார்கள் என்று முடிவு செய்ய உங்களுக்கும் எனக்கும் யார் உரிமை கொடுத்தார்கள்? நீங்கள் இங்கே, சான்டா கிளாராவைச் சுற்றிய பே ஏரியாவில் இருந்தால், வருகிற புதன்கிழமை காலை ஆபீசுக்குப் போகும் வழியில் உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கொண்டுவந்து நூலக வாசலில் இறக்கிவிடுங்கள். வேறு மாநிலத்தில், நம்மவர்கள் நிறைந்த வெஸ்ட் வின்ட்சரிலோ சுகர் லேண்டிலோ இருந்தால், உங்கள் ஊர் நூலகத்தில் ஓர் அறை கேளுங்கள். சொல்லத் தெரிந்த ஒரு பெண் உங்கள் தெருவிலேயே எச்-4 முத்திரையோடு சும்மா உட்காரவைக்கப்பட்டிருப்பாள். அவள் கையில் மைக்கைக் கொடுங்கள். என்ன சொல்ல வேண்டும் என்று மட்டும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.